மரத்துப்போன பாதத்துக்கு ஏற்ற செருப்பு: எம்.சி.ஆர். காலணியுடன் 14 மாதங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போய்த் திரும்பிய மறுநாள் காலை, எங்கள் வீட்டு மொசைக் தரையில் அப்பா நடந்த வழியெங்கும் வலக்காலின் ஈரத்தடம் மட்டும் வரிசையாகப் பதிந்திருந்ததை முதலில் கண்டவர் அம்மாதான். குளித்துவிட்டுக் காலைத் துடைக்காமல் வந்திருப்பார் என்று நினைத்தவருக்கு, அப்பா இன்னும் குளிக்கவே போகவில்லை என்பது சற்றுப் பிறகுதான் உறைத்தது. பாதத்தைத் தூக்கிப் பார்த்தபோது, பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைத் திரட்சியில் எலுமிச்சம்பழ அளவுக்கு எழும்பிய கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த சாலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் நடந்திருக்கிறார்; இரவாகியும் சூடு தணியாத அந்தத் தரை சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. "வலியே இல்லையே" என்று அவர் சொன்னது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வலியின்மைதான் நோய் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

அப்பாவுக்கு 66 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். 19 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கால் மதமதப்பாக இருக்கிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்று சில ஆண்டுகளாகவே சொல்லிவந்தார். வயதின் கோளாறு என்று நாங்கள் விட்டுவிட்டோம். புண் ஆறப் 11 வாரங்கள் ஆயின. அதற்கிடையில் செய்த சோதனையில், பாதத்தில் அதிர்வை உணரும் திறனை வோல்ட் கணக்கில் காட்டும் பயோதீசியோமீட்டர் கருவி, 25-ஐத் தாண்டினாலே புண் வரும் அபாயம் கூடுதல் என்று கொள்ளப்படும் இடத்தில், அவருடைய வலக்காலுக்கு 38 காட்டியது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் வைத்து அழுத்தியபோது, கண்ணை மூடியிருந்த அவர் பெரும்பாலான இடங்களில் தொட்டதையே உணரவில்லை. புண் ஆறியதும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: எம்.சி.ஆர். செருப்பு. அந்த ஒரு வரியை நிறைவேற்றுவதற்குள் மூன்று ஜோடி வாங்கிவிட்டோம். அந்த மூன்றைப் பற்றியும், குறிப்பாக மூன்றாவதைப் பற்றியும், இதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் அது. மிதிக்கும்போது அமுங்கி, காலை எடுத்ததும் பழைய நிலைக்கு மீள்கிறது. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் இது ஏறக்குறைய 15 முதல் 20 வரை இருக்க வேண்டும் என்பார்கள். இந்தப் பொருளுக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, உணர்வில்லாத உறுப்பில் அன்றாடம் விழும் சிறு காயங்களும் ஓயாத அழுத்தமும்தான் என்று கண்டறிந்தவர். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நடந்த அந்தப் பணியில்தான், வலி தெரியாத பாதத்தைக் காக்கும் மென்மையான செருப்பு உருவெடுத்தது. பின்னாளில் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது அதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டது. இன்று இந்தச் செருப்பை அணியக் கூச்சப்படுபவர்கள் பலர், "தொழுநோய்ச் செருப்பு" என்ற பழைய பேச்சை நினைத்துக்கொண்டுதான் தயங்குகிறார்கள். அப்பாவும் முதலில் தயங்கினார். இரண்டு நோய்களிலும் நரம்பு செய்யும் துரோகம் ஒன்றே என்பதை அவருக்குப் புரியவைக்க எங்களுக்குச் சில நாள்கள் ஆயின.

முதல் ஜோடியை இணையத்தில் வாங்கினோம். விலை 899 ரூபாய், "சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர்." என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். கையால் தொட்டால் மெத்தைபோல் இருந்தது. இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்று நாங்கள் மகிழ்ந்துபோனோம். இரண்டு மாதத்தில் குதிகாலும் முன்பாதமும் படும் இடங்கள் அமுங்கிப் பள்ளமாகி, கட்டைவிரலால் அழுத்தினால் அடித்தளத்தின் கடினம் நேராகத் தட்டுப்பட்டது. இதைவிடப் பெரிய குறை, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வரும் பிடிவார். உணர்வுள்ள காலுக்கு அது பழக்கமான அமைப்புதான்; ஆனால் உணர்வில்லாத காலில் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தம்மையறியாமலே அந்த வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, விரலிடுக்கின் மெல்லிய தோல் உராய்ந்து தேய்கிறது. அப்பாவின் விரலிடுக்கில் சேற்றுப்புண் போல வெளுத்து வெடித்திருந்ததை அம்மா கண்டுபிடித்த அன்றே அந்த ஜோடியை ஒதுக்கி வைத்தோம்.

இரண்டாவது ஜோடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலுள்ள ஒரு கடையில் வாங்கினோம். ரப்பர் உண்மையானதுதான், பின்வாரும் இருந்தது. ஆனால் அப்பாவின் எண்ணைக் கேட்டு, அந்த எண்ணுக்குரியதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களே தவிர, அவருடைய காலை யாரும் பார்க்கவில்லை. ஓட்டுநராக இருந்த காலத்தில் கிளட்சை மிதித்து மிதித்து அகன்றுபோன இடப்பாதத்தின் சுண்டுவிரல் வாருக்கு வெளியே பிதுங்கி நின்றது. வார் சேரும் இடத்தில் உள்ளே ஒரு சிறு ஆணி அடித்திருந்ததையும் பிறகுதான் கவனித்தோம். உணர்வில்லாத காலுக்கான செருப்பில் ஆணியே இருக்கக் கூடாது. தையலும் பசையும் மட்டும்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஜோடியை வேலூரில் ஒரு மருத்துவமனையின் காலணிப் பிரிவில் அளவெடுத்துச் செய்தோம். இரண்டு சிறிய அறைகள், ஒரு தையல் எந்திரம், ஒரு தேய்ப்பு எந்திரம், சுவர் முழுவதும் கால் வடிவில் வெட்டிய அட்டைகள். அங்கே எனக்கு முதலில் பிடித்துப்போன விஷயம், அப்பா உட்கார்ந்ததும் காலணி செய்பவர் அவருடைய கால் எண்ணைக் கேட்காமல், மருத்துவச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, தரையில் அமர்ந்து அவருடைய இரு பாதங்களையும் தம் மடியில் வைத்துப் பார்த்ததுதான். கால் ஆணி எங்கே இருக்கிறது, விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, எந்த இடத்தில் சூடு கூடுதலாக இருக்கிறது என்று கையாலேயே தடவிப் பார்த்தார். பிறகு மை தடவிய ரப்பர் விரிப்பின் மேல் தாளை வைத்து அப்பாவை அதன்மீது நடக்கச் சொன்னார். அழுத்தம் கூடுதலாக விழும் இடங்கள் தாளில் கருமையாகவும், குறைவாக விழும் இடங்கள் வெளிறியும் பதிந்தன. பழைய புண் இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கன்னங்கரேலென்று இருந்த வட்டத்தை விரலால் சுட்டிக்காட்டி, "ஐயா, செருப்பு சௌகரியமா இருக்கான்னு மத்தவங்கள கேட்டா சொல்லுவாங்க. உங்க காலு சொல்லாது. அதனால இந்தப் பேப்பரத்தான் கேக்கணும்" என்றார். இத்தனை மாதங்களில் எங்களுக்கு யாரும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறையும் நிற்கும்போது ஒருமுறையும் பாதத்தின் வரைவை எடுத்தார். நிற்கும்போது அப்பாவின் பாதம் கிட்டத்தட்ட அரை அங்குலம் அகன்றதை அன்றுதான் நான் பார்த்தேன். மாலையில் கால் சற்று வீங்கும் என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் அளவெடுத்த செருப்பு மாலையில் இறுக்கும் என்பதை அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை. விலை 1,650 ரூபாய். ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வந்த செருப்பைக் குறுக்காகப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரிகின்றன. மேலே பாதம் படும் எம்.சி.ஆர். 12 மில்லிமீட்டர் தடிமன். கீழே மடக்கினால் எளிதில் மடங்காத கடினமான அடி. இந்தக் கடினமான அடியின் அருமை நகரத்தில் இருப்பவர்களுக்கு உடனே விளங்காது. எங்கள் பக்கத்தில் ஏரிக்கரை, வயல் வரப்பு என்று எங்கே போனாலும் சீமைக்கருவேல முள் கிடக்கும். மென்மையான ரப்பரை மட்டும் அடியாக வைத்தால் முள் அதை ஊடுருவி நேராகப் பாதத்தில் ஏறிவிடும், ஏறியது தெரியவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அடியைத் திருப்பிப் பார்த்தபோது முறிந்த நான்கு முள்முனைகள் பதிந்திருந்தன; ஒன்றுகூட மேலடுக்கைத் தொடவில்லை. மென்மைக்கு மட்டும் மயங்கி நாங்கள் வாங்கிய முதல் ஜோடியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

மேல்வார்கள் இரண்டும் அகலமானவை. உள்பக்கம் மெல்லிய தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள், தையல் முடிச்சு எதுவும் தோலில் படவில்லை. விரலிடுக்கில் வார் கிடையாது. வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்திக்கொள்ள வெல்க்ரோ இருக்கிறது. குதிகாலைச் சுற்றி வரும் பின்வார் கட்டாயம் என்றார்கள். உணர்வில்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தால் அணிந்திருப்பவருக்கே தெரியாது. அப்பா ஒருமுறை பேருந்து நிலையத்திலிருந்து ஒற்றைச் செருப்புடன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார், அதனால் இந்த விளக்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பழைய புண் இருந்த இடத்துக்கு நேர்கீழே மேலடுக்கைச் சற்றுக் குடைந்து, இன்னும் மென்மையான துண்டு ஒன்றை வைத்து ஒட்டியிருந்ததுதான் மற்ற இரண்டு ஜோடிகளிலும் இல்லாத வேலைப்பாடு. தாளில் கறுத்த வட்டம் எங்கே விழுந்ததோ, அங்கேயே அந்தத் துண்டும் இருந்தது.

செருப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் பாதத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு 20 நிமிடத்துக்கு மேல் மறையாமல் இருந்தால் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு செருப்புடன் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம் என்றார்கள். மூன்றாம் நாள் இடச் சுண்டுவிரலின் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. எடுத்துக்கொண்டு போனோம், கட்டணம் வாங்காமல் வாரை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தித் தைத்துக் கொடுத்தார்கள். அப்பா போன்று ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள் மிகுந்த அபாயத்தில் இருப்பவர்கள் என்பதால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை பாதத்தைக் காட்ட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். அந்தச் சோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் செருப்பையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். பாதத்தைப் பார்க்கிறவரும் செருப்பைப் பார்க்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் நான் கொடுத்த 1,650 ரூபாயில் பெரும்பங்கின் மதிப்பு என்று கருதுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தோற்றம் எடுப்பாக இல்லை. கறுப்பு, பழுப்பு என்று இரண்டே நிறங்கள். பெண்களுக்கென்று தனியான வடிவம் எதுவும் அங்கே நான் பார்க்கவில்லை. சேலை கட்டிக்கொண்டு திருமணத்துக்குப் போகிற ஒருவர் இதை அணிந்து செல்வாரா என்பது ஐயமே, அணியாமல் போன அந்த ஒரு நாளே புண்ணுக்குப் போதும் என்பதால் இதைச் சிறிய குறையாக என்னால் எண்ண முடியவில்லை. மழைக்காலத்தில் செருப்பு நனைந்தால் முழுதாகக் காய ஒன்றரை நாள் ஆகிறது. வெயிலில் வைத்தால் ரப்பர் இறுகிவிடும் என்பதால் நிழலில்தான் உலர்த்த வேண்டும், அந்த இடைவெளியில் அணிவதற்கு இன்னொரு ஜோடி இல்லாமல் முடியாது. புழுதி படிந்து வெல்க்ரோவின் பிடி ஏழாவது மாதத்தில் தளர்ந்துவிட்டது. எட்டாவது மாதத்தில் மேலடுக்கின் தடிமனை அளந்து பார்த்தபோது முன்பாதத்தின் கீழே 12 மில்லிமீட்டர் எட்டாகக் குறைந்திருந்தது. 400 ரூபாய்க்கு மேலடுக்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். வெளியே பார்வைக்குச் செருப்பு புதிதுபோலவே இருந்தது, ஆகவே தேய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் முடிவு செய்ய இயலாது. விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் இதற்கென்று ஒதுக்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதன்று. திருச்சி மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கிய அரசின் பாதம் பாதுகாப்போம் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைச் சோதிக்க வழி செய்திருக்கிறது. அளவெடுத்துச் செய்த செருப்பும் அதே இடத்தில் கிடைத்தால், என் அப்பாவைப் போன்ற எத்தனையோ பேர் அறுவை அரங்குக்குப் போகாமல் தப்புவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்களுக்குக் கடினமாக இருந்தது செருப்பின் குறைகளைவிட எங்கள் பழக்கம்தான். வீட்டுக்குள் செருப்பு அணிவதை அப்பாவின் மனம் ஏற்கவே இல்லை. வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் கழற்றிவிடுவார். ஆனால் நாள் முழுவதும் அவர் நடக்கும் நடையில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்தான். கட்டில் காலில் இடித்துக்கொள்வதும், அம்மா தைத்துவிட்டுத் தவறவிட்ட ஊசியை மிதிப்பதும் வீட்டுக்குள்தான் நடக்கும். இறுதியில் வீட்டுக்கென்றே இரண்டாவதாக ஒரு ஜோடி செய்து, அது தெருவையே மிதிக்காது என்று அம்மாவுக்கு உறுதி கூறி, பூசை அறைக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டோம். கோயிலுக்கு இப்போது விடியற்காலையில், தரை சூடேறுவதற்கு முன்பாகவே, தடித்த பருத்திக் காலுறையுடன் போய்வருகிறார். கிரிவலத்தை விட்டுவிட்டார், அது அவருக்குப் பெரிய இழப்பு என்பதை நான் அறிவேன்.

இந்தச் செருப்பு யாருக்குப் பொருந்தாது என்பதையும் காலணிப் பிரிவிலேயே தெளிவாகச் சொன்னார்கள். ஆறாத புண் உள்ள காலுக்கு இது சிகிச்சை ஆகாது. அப்போது அந்த இடத்தில் பாரமே விழாதபடி மாவுக்கட்டோ வேறு சாதனமோ தேவைப்படும். வலி இல்லாமல் பாதம் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கும் சார்கோ நோயாக இருக்கலாம். செருப்பு வாங்கப் போகாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடந்தால் கெண்டைச்சதை இழுத்துப் பிடிப்பவர்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கக்கூடும்; எவ்வளவு நல்ல செருப்பும் அதைச் சரிசெய்யாது. விரல்கள் இழந்தவர்களுக்கும் பாதம் உருமாறியவர்களுக்கும் அச்சு எடுத்து வார்க்கும் தனிக் காலணி வேண்டும்.

கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் சிலவற்றையாவது பார்த்து வாங்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பர் அமுங்க வேண்டும், ஆனால் அடி வரை போய்விடக் கூடாது; எடுத்ததும் உடனே மீள வேண்டும். உள்ளே கைவிட்டுத் தடவினால் ஆணியோ முடிச்சோ தட்டுப்படக் கூடாது. விரலிடுக்கு வார் உள்ளதை, எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வாங்க வேண்டாம். உங்கள் காலை ஒரு தாளில் வைத்து வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு போய், அந்தத் தாளைச் செருப்புக்குள் வைத்துப் பாருங்கள்; தாள் எங்காவது மடங்கினால் காலும் அங்கே மடங்கும். இந்த ஒரு சோதனையை நாங்கள் முதலிலேயே செய்திருந்தால் இரண்டாவது ஜோடிக்குப் பணம் போயிருக்காது.

அப்பா இப்போது ஒவ்வொரு நாளும் செருப்பைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்த பிறகே அணிகிறார். பேருந்தை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றிச் சக்கரங்களைப் பார்க்கும் அதே கவனம் அதில் தெரிகிறது. இரவு படுக்கும் முன் அம்மா ஒரு கைக்கண்ணாடியை வைத்து அவருடைய உள்ளங்கால்களைப் பார்க்கிறார். விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்திவிட்டு, பித்தவெடிப்புக்குக் குதிகாலில் மட்டும் எண்ணெய் தடவுகிறார், விரலிடுக்கில் தடவுவதில்லை. 14 மாதங்களில் புதிய புண் எதுவும் வரவில்லை. சென்ற வாரம் எடுத்த மைப்பதிவில் அந்தக் கறுத்த வட்டம் சாம்பல் நிறமாக வெளிறியிருந்தது. அடுத்த மேலடுக்கு மாற்றத்துக்கு ஐப்பசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.